அடுத்த பந்திக்கு ஆள் நிற்கிறது

அத்தியாயம் 14

சனிக்கிழமை லீவு வேண்டும் என்று விஜயம் கேட்டபோது, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சூபர்வைசர் காரணம் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்துவிட்டது. லீவு லெட்டரில் அவள் எழுதுகிற காரணமும் ஆறு மாசமாக ஒன்றேதான். அப்பா.

அவளுடைய அப்பா ஹரிஹரசுப்பிரமணியனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறக்கிற வேலையை அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். வயது எழுபத்துமூன்று. தென்காசி ரத வீதி ஜவுளிக் கடையில் நாற்பது வருஷம் சேலை விரித்துக் காட்டிய மனுஷர், போன தை மாசம் வீட்டுக்கு வழி மறந்தார். மாசியில் மகள் பெயரை மறந்தார். பங்குனியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செங்கோட்டை ரயில் தண்டவாளத்தின் நடுவே நடந்து போனவரை, ஒரு கேங்மேன் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுப் போனான்.

விஜயத்துக்கு நாற்பத்துநான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு அந்த வீட்டில் அப்பாவும் அவளும்தான். அவள் வேலைக்குப் போனால் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. கடைசியில் சித்திரையில், மனசைக் கல்லாக்கிக்கொண்டு, குற்றாலத்தில் இருக்கிற ஆறுதல் இல்லத்தில் அவரைச் சேர்த்தாள்.

சேர்த்து இரண்டு மாசம் ஒழுங்காகத் தூங்கினாள். அது பொறுக்கவில்லை போலிருக்கிறது. புதன்கிழமை ஒரு கடிதம் வந்தது.

‘தங்கள் தகப்பனார் சாப்பாட்டு அறையில் மற்றவர்களின் தட்டுகளைப் பறிக்கிறார். கடந்த ஞாயிறன்று இவ்வாறு பறித்ததில், முத்துராமலிங்கம் என்கிற பெரியவரின் தொடையில் சூடான ரசம் கொட்டிவிட்டது. டிரஸ்டின் முடிவுப்படி, வருகிற சனிக்கிழமை மாலைக்குள் தாங்கள் அவரை அழைத்துச் செல்ல வேண்டும்.’

அதைப் படித்துவிட்டு விஜயம் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

கடிதம் வந்த அன்றைக்கே தம்பிக்குத் தகவல் சொல்லியிருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம் சிவகிரியிலிருந்து ஒரு டிரங்க் கால். போர்டில் உட்கார்ந்திருந்தது விஜயம். எந்த நம்பர் வேண்டும் என்று அவள் கேட்க, “அக்கா, நாந்தான்” என்றான் தம்பி குற்றாலநாதன்.

அவன் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு அறை வீட்டில் மனைவி, இரண்டு பெண்கள், படுத்த படுக்கையாக மாமியார். அப்பாவைக் கொண்டுபோய் வைக்க அங்கே ஒரு பாய் விரிக்கிற இடம்கூடக் கிடையாது என்பது விஜயத்துக்குத் தெரியும். அதனால் அவன் ஒரு வழி பார்த்திருந்தான். மதுரைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. இந்த மாதிரி ஆட்களைச் சேர்த்துக்கொள்வார்கள். சொந்தக்காரர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டால் போதும், போட்டுவிட்டான். சனிக்கிழமை ராத்திரி வரைக்கும்தான் கட்டில் பிடித்துவைப்பார்களாம். சாயங்காலம் மூன்று மணிக்குக் காரோடு குற்றாலம் வந்துவிடுவதாகச் சொன்னான்.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி விஜயம் கேள்விப்பட்டிருந்தாள். ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. பொழுது சாய்ந்தால் கையையும் காலையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அவளோடு வேலை பார்க்கிற ஒருத்தியின் சித்தப்பா அங்கே போய் நாற்பது நாள்தான் உயிரோடு இருந்தார்.

இதைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். போர்டில் அதே சமயம் மூன்று விளக்குகள் எரிந்தன. “சரி நாதா” என்று சொல்லிவிட்டு வயரைப் பிடுங்கினாள். அந்தச் ‘சரி’யைச் சொன்னது அவள் அசதிதான். ஆனாலும் சொன்னது சொன்னதுதானே?

சீசன் சமயம். குற்றாலம் பஸ்ஸில் நிற்க இடமில்லை. அருவிக்குப் போகிறவர்கள் எல்லாரும் வீட்டிலேயே தலையோடு கால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஏறியிருந்தார்கள். இறங்குவதற்குள் விஜயத்தின் சேலையில் பாதி எண்ணெய். காலிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இலஞ்சி போகிற சாலையில் சாரலில் நனைந்தபடி நடந்தாள்.

ஆறுதல் இல்லம் ஒரு பழைய பங்களா. ஊர்க்காரர்கள் அதை ‘மறதி வீடு’ என்பார்கள். டாக்டர் ஒருவர் ஆரம்பித்த டிரஸ்ட். பதினோரு பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள மேட்ரன் ரெபேக்காள், சமையலுக்கு உலகம்மை, ஆயாக்கள் இரண்டு பேர்.

கூடத்துச் சுவரில் ஒரு போர்டு மாட்டியிருந்தது. ‘காலை 10 முதல் 11 வரை பொழுதுபோக்கு நேரம்.’ டிரஸ்ட் செயலாளருக்கு இந்த விஷயத்தில் ரொம்ப அக்கறை. கேரம் போர்டு வாங்கி அனுப்பினார். சிவப்புக் காயை யாரோ மிட்டாய் என்று வாயில் போட்டதிலிருந்து அது பீரோ மேல் இருக்கிறது. ரேடியோ வாங்கி அனுப்பினார். அது விவசாயிகளுக்கு உர யோசனை சொல்லிக்கொண்டே இருக்கும். மாசம் ஒரு சங்கத்தார் வருவார்கள். ஆளுக்கு ஒரு ஆரஞ்சு கொடுத்து, கொடுக்கிற கையோடு போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

அன்றைக்குக் கல்லூரிப் பெண்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். பதினோரு நாற்காலிகளையும் வரிசையாகப் போட்டு, பெரியவர்களை உட்காரவைத்து, எதிரே நின்று பாடினார்கள். நல்ல குரல்தான். ஏழு பேர் தூங்கிவிட்டார்கள். ஒரு பெண் ரப்பர் பந்தை எடுத்து, “பிடிங்க ஆச்சி” என்று ஜாஹிரா பீவியிடம் போட்டாள். கடையநல்லூரில் ஒன்பது பிள்ளை பெற்று வளர்த்த ஜாஹிரா பீவி, தன் மடியில் விழுந்து உருண்டு போன பந்தைப் பார்த்துவிட்டு, பழையபடி முந்தானை ஓரத்தை மடித்து மடித்து நீவ ஆரம்பித்தார். காலையிலிருந்து ராத்திரி வரை அதுதான் அவர் வேலை.

விஜயத்துக்கு அந்தப் பாட்டு எப்போது முடியும் என்று இருந்தது. பாடுகிற பெண்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மேட்ரன் ரெபேக்காள் அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசினாள். ஐம்பது வயதுக்காரி. காலை நாலு மணியிலிருந்து நின்ற கால். அப்பாவை அனுப்புவதில் தனக்கு ஒன்றும் சந்தோஷம் இல்லை என்றும், நல்ல மனுஷர், கை நீட்ட மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார் என்றும் சொன்னாள். ஆனால் சாப்பாட்டு மணி அடித்தால் போதும். மற்றவர்கள் தட்டில் கை வைத்துவிடுகிறார்.

“பசின்னு நெனச்சு ஒரு மாசமா அவருக்கு மட்டும் ரெண்டு மடங்கு போட்டுப் பாத்தோம். அதைத் தொடவே மாட்டேங்காரு. பொறவு ரூமுல கொண்டுபோய்க் குடுத்தாத்தான் ரெண்டு வாய். அடுத்தவங்க தட்டுதான் வேணும்ங்காரு. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?”

விஜயம் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

அப்பாவின் அறைக்குப் போனாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் அவளைப் பார்த்ததும் எழுந்து கை கூப்பினார்.

“வாங்கம்மா, வாங்க. மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?”

ஒவ்வொரு தடவை வரும்போதும் இதே கேள்விதான். முதல் தடவை கேட்டபோது அவள் பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே போனாள். இப்போது பழகிவிட்டது. “பொண்ணு வீடுதான்” என்றாள்.

“அப்ப கொஞ்சம் பொறுத்துக்கிடணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மொதல்ல உக்காரட்டும்” என்றார் அவர், தாழ்மையாக. அவள் தலையாட்டிவிட்டு அவருடைய வேட்டிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். மடித்ததை அவர் எடுத்து விரித்தார். சேலை விரித்த கை. அவள் மறுபடி மடித்தாள்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது.

சாப்பாட்டு அறையில் நீள மேஜைகள் இரண்டு, பெஞ்சுகள். வேலைக்கு ஆள் குறைவு என்பதால் உலகம்மை பதினொன்றரைக்கே எல்லாத் தட்டிலும் சோற்றைக் குவித்து, சாம்பாரை ஊற்றி, ஓரத்தில் கூட்டை வைத்து, வரிசையாக அடுக்கிவிடுவாள். பெரியவர்கள் வந்து சேர்வதற்குள் சோறு ஆறி, சாம்பார் உள்ளே இழுத்துக்கொண்டு, தட்டெல்லாம் யாரோ பாதியில் எழுந்து போன மாதிரி இருக்கும்.

ஆயாக்கள் ஒவ்வொருவராகக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். யாரும் தட்டில் கை வைக்கவில்லை. ஊட்டுவதற்காகக் காத்திருந்தார்கள், அல்லது எதற்கு என்று தெரியாமல் காத்திருந்தார்கள்.

ஹரிஹரசுப்பிரமணியன் கடைசியாக வந்தார். உட்காரவில்லை. வாசல் பக்கம் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இந்த வரிசையை ஒரு பார்வை, அந்த வரிசையை ஒரு பார்வை பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கடைசித் தட்டிடம் போய், இடது கையால் அதை எடுத்தார். அடுத்ததை எடுத்து அதன் மேல் வைத்தார். மூன்றாவதற்குக் குனிந்தார்.

ஆயா ஓடிவந்து தட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் விடவில்லை. குரலைத் தாழ்த்தி, வந்தவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்கிற பதற்றத்தோடு சொன்னார்:

“சாப்பிட்ட எலையை எடுக்காம வச்சிருக்கியே, என்ன வேலை பாக்குதே நீ? அடுத்த பந்திக்கு ஆள் நிக்கி. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு எவ்வளவு அசிங்கம்?”

விஜயம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

ஜவுளிக் கடை அப்பாவின் பிழைப்பு. ஆனால் ஊரில் அவரைப் ‘பந்தி அண்ணாச்சி’ என்றுதான் சொல்வார்கள். நாற்பது வருஷம் அந்த வட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் பந்தி பார்ப்பது அவர்தான். யாரும் கூலி கொடுத்ததில்லை, அவர் கேட்டதும் இல்லை. இலையைத் துடைத்துப் போடுவதிலிருந்து, இன்னார் இங்கே உட்கார வேண்டும் என்று கை பிடித்துக் கூட்டிவருவதிலிருந்து, கடைசி எச்சில் இலை எடுக்கிற வரைக்கும் அவர் கண் பார்வையில்தான் நடக்கும். வீட்டு ஆட்கள் முதல் பந்தியில் உட்காரக் கூடாது என்பது அவர் சட்டம். அம்மாவும் விஜயமும் நாதனும் எந்தக் கல்யாணத்திலும் கடைசிப் பந்தியில், பாயசம் தீர்ந்த பிறகு சாப்பிட்டவர்கள். அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினாள்.

இலை காலியாக இருந்தால் அது சாப்பிடப் போகிற இலை. சோறும் குழம்பும் கலந்து கிடந்தால் அது சாப்பிட்டு முடித்த இலை. இதில் என்ன சந்தேகம்? உட்காருகிறதற்கு முன்னாலேயே பரிமாறி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுகிற பந்தியை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. தினம் இரண்டு வேளை அவர் எச்சில் எடுத்துக்கொண்டிருந்தார். பந்தி பார்க்கிற மனுஷர் நடுவில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவார்? அதனால்தான் தன் தட்டைத் தொடவில்லை.

இத்தனை வருஷம் கூட இருந்த தனக்கே இது தோன்றவில்லையே என்று விஜயத்துக்கு வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளை வீடா பொண்ணு வீடா என்று ஒவ்வொரு தடவையும் அவர் சொல்லிக்கொண்டுதானே இருந்தார்?

மேட்ரனிடம் போனாள். ஒரே ஒரு வேளை, இன்றைக்கு மட்டும், இந்தத் தட்டுகளை எடுத்துவிட்டு, இலை போட்டு, ஆள் உட்கார்ந்த பிறகு பரிமாறிப் பார்ப்போம் என்றாள். கொல்லையில் வாழை நிற்கிறது. பரிமாறுகிற வேலையைத் தானே செய்வதாகச் சொன்னாள்.

உலகம்மை முகத்தைச் சுளித்தாள். போட்ட சோற்றைத் திருப்பிச் சட்டியில் கொட்டுவதா, இலை அறுப்பது யார், இடம் கழுவுவது யார் என்று கேட்டாள். நியாயமான கேள்விகள். வாதாட ரெபேக்காளுக்குத் தெம்பு இல்லை. மூன்று மணிக்குக் கார் வரப்போகிறது. ஒரு வேளைதானே என்று நினைத்திருப்பாள்.

“ரசம் மட்டும் அவர் கையில குடுக்காதீங்க” என்றாள்.

உலகம்மை முனகிக்கொண்டே இலை அறுத்து வந்து மேஜையில் போட்டாள். ஹரிஹரசுப்பிரமணியன் அவள் பின்னாலேயே போய், நுனி வலப்பக்கம் இருந்த இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, நுனியை இடப்பக்கம் ஆக்கினார். “கல்யாண வீட்டுல வேலை பாத்ததே இல்லியா நீ?” என்று அவர் கேட்டதற்கு உலகம்மையின் முகம் போன போக்கைப் பார்த்து ஆயாக்கள் சிரித்துவிட்டார்கள். அந்த வீட்டில் யாராவது சிரித்து எத்தனை நாள் ஆகியிருக்குமோ.

பிறகு கூடத்துக்குப் போனார். யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது. அதனால் என்ன? முறை சொல்லிக் கூப்பிடத் தெரியும். மாமா வாங்க, மதினி வாங்க என்று ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் குனிந்து கை நீட்டினார். இழுத்துக்கொண்டு வர வேண்டியவர்கள், கூப்பிட்டதும் எழுந்து வந்தார்கள். எல்லோரும் இல்லை. மூலை நாற்காலியில் இருந்த ஒரு அம்மாள் அழ ஆரம்பித்து, ஆயா அவரை அறைக்குக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

தொடையில் கட்டோடு உட்கார்ந்திருந்த முத்துராமலிங்கத்தின் முன்னால் அவர் நின்றபோது ரெபேக்காள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். முத்துராமலிங்கம் ஒரு காலத்தில் போலீஸ் ஏட்டு. இப்போதும் அதே மீசை. ஹரிஹரசுப்பிரமணியன் அந்த மீசையைப் பார்த்தார்.

“ஏட்டையா, நீங்க இங்கன பின்னால இருக்கப்படாது. மொத எலை உங்களுக்குத்தான்.”

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இரண்டு பேருக்குமே நினைவில்லை. ஏட்டையா கையை ஊன்றி எழுந்து, நிமிர்ந்து நடந்து, முதல் இலையில் உட்கார்ந்தார்.

ஜாஹிரா பீவி உட்காரவில்லை. மேஜை மேல் கிடந்த ஈரத்துணியை எடுத்துக்கொண்டு இலை இலையாகத் துடைத்துக்கொண்டு போனார். யாரும் சொல்லவில்லை. முந்தானையை நீவிக்கொண்டிருந்த அதே விரல்கள், இலையின் நடு நரம்பிலிருந்து ஓரம் வரைக்கும் நீவி நீவித் துடைத்தன. கீழப்பாவூரில் வயல் வைத்திருந்த சம்சாரி அய்யாக்குட்டி செம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றக் கிளம்பினார். ஊற்ற ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. இரண்டு இலைகள் வயல் மாதிரி நிறைந்து, தண்ணீர் மடியில் கொட்டியது. ஆயா துடைத்தாள்.

ஹரிஹரசுப்பிரமணியன் உப்பு வைத்தார். பொரியல் வைத்தார். அவர் பின்னால் விஜயம் சோற்றுச் சட்டியோடும் சாம்பார் வாளியோடும் போனாள். முதுகில் யாரோ அறைந்தது போல வலித்தது அவளுக்கு. வாளி கனம், முந்தின நாள் இரவு ஷிப்டு, எல்லாம் சேர்ந்து. அவர் ஒவ்வொரு இலை முன்னாலும் நின்று, “இன்னும் ஒரு கரண்டி” என்றார். “கூச்சப்படாம சாப்பிடணும்” என்றார். நாலு மாசமாக ஏட்டையாவுக்கு ஸ்பூனால்தான் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் சோற்றைப் பிசைந்து, உருட்டி, தானே வாயில் வைத்தார். சட்டையெல்லாம் சோறு. ரெபேக்காள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அய்யாக்குட்டி செம்பைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஜாஹிரா பீவியிடம் எந்த ஊர் என்று கேட்டார். கடையநல்லூர் என்றார் ஜாஹிரா பீவி. மழை உண்டா அங்கே என்று கேட்டார் அவர். உண்டு என்றார் இவர். கொஞ்ச நேரம் சாப்பிட்டுவிட்டு அய்யாக்குட்டி மறுபடியும் எந்த ஊர் என்று கேட்டார். ஜாஹிரா பீவி மறுபடியும் கடையநல்லூர் என்று சொன்னார். மோர் வருகிற வரைக்கும் அந்தப் பேச்சு ஓடியது. இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

“இந்த ரெண்டு பேரும் வாயத் தொறந்து பேசி இன்னைக்குத்தான் கேக்குதேன்” என்றாள் ரெபேக்காள்.

பந்தி முடிந்ததும் அப்பா இலைகளை எடுத்தார். எடுத்து முடித்த கையோடு மறுபடி இலை போட ஆரம்பித்தார். சாப்பிட ஆள் இல்லை என்று சொன்னால் கேட்கிறவரா? ஆயாக்களை உட்காரவைத்தார். முனகிக்கொண்டே வந்த உலகம்மையை உட்காரவைத்தார். ரெபேக்காளையும் விடவில்லை. அவள் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியாது. சாப்பிடும்போதே சொன்னாள்: திங்கட்கிழமை மத்தியானம் செயலாளர் வருகிறார். இதை அவர் கண்ணால் பார்க்கட்டும், அதுவரைக்கும் அப்பா இங்கேயே இருக்கட்டும். ஆனால் முடிவு டிரஸ்ட் கையில். அவர் மாட்டேன் என்றால் அன்றைக்கே இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான்.

விஜயம் கணக்குப் போட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டில் இன்று ராத்திரி வரைக்கும். செயலாளர் வருவது திங்கட்கிழமை. இன்றைக்கு அப்பாவை அனுப்பாவிட்டால் அந்த இடம் போய்விடும். திங்கட்கிழமை இந்த இடமும் போனால் அவளுடைய வேலைதான் போக வேண்டும்.

ஒரு இலை மிச்சம் இருந்தது. பசியில் கண் இருட்டிக்கொண்டு வர, விஜயம் அதன் முன்னால் போய் உட்காரப் போனாள். அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

“நீ பரிமாறுத ஆளு. பொறவு சாப்பிடலாம். இது எம் மவனுக்கு. சிவகிரியிலேருந்து வாரான்.”

விஜயம் நின்றாள். பெயர் மறந்த மகள் அவள்தான். தண்டவாளத்திலிருந்து வந்தவரின் காலைக் கழுவிவிட்டவளும் அவள்தான். மகன் இருக்கிற ஊர் மட்டும் அவருக்கு நினைவில் இருக்கிறது. வலிக்கத்தான் செய்தது. வாளியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனாள்.

கார் மூன்று மணிக்கு வரவில்லை. இரண்டரைக்கே வந்துவிட்டது. குற்றாலநாதன் சாரலில் நனைந்து, கண் சிவந்து, சாப்பாட்டு அறை வாசலில் வந்து நின்றான். சட்டைப் பையில் நாலாக மடித்த ஆஸ்பத்திரிக் காகிதம். “கெளம்பலாமாக்கா?” என்றான். அக்கா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“வாங்க தம்பி. நனைஞ்சு வந்திருக்கீங்க. உக்காருங்க, எலை போட்டிருக்கு.”

நாதன் அக்காவைப் பார்த்தான். “அது உங்க மகனுக்குன்னு சொன்னீங்களே” என்றாள் விஜயம், மெதுவாக.

“அவன் வந்தா வேற எலை போட்டுக்கிடலாம். வந்தவங்களை நிக்க வைக்கப்படாது.”

நாதன் உட்கார்ந்தான். அப்பா உப்பு வைத்தார். பொரியல் வைத்தார். எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். வாத்தியார் என்றதும் சந்தோஷப்பட்டு, எம் மவனும் வாத்தியார்தான் என்றார். நாதன் தலை குனிந்து சாப்பிட்டான். காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது சாப்பிடுகிற வேகத்திலேயே தெரிந்தது. பரிமாறிக்கொண்டே விஜயம் அவன் காதருகே குனிந்து, தட்டு பறித்த கதையையும் திங்கட்கிழமை விஷயத்தையும் நாலு வார்த்தையில் சொன்னாள். அவன் இடது கை சட்டைப் பைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

சாப்பிட்டு முடித்தான். எங்கேயோ நினைவாக, இலையைத் தன் பக்கத்திலிருந்து தூக்கி எதிர்ப் பக்கமாக மடக்கினான்.

“தம்பி.”

ஹரிஹரசுப்பிரமணியன் குனிந்து அந்த இலையைப் பிரித்தார். எச்சில் என்று பார்க்கவில்லை. மேல் ஓரத்தைப் பிடித்து, நாதனைப் பார்க்க, கீழ்நோக்கி நிதானமாக மடக்கினார்.

“நம்மளப் பாக்கத்தான் மடக்கணும். அந்தப் பக்கமா மடக்குனா சாவு வீடு. இங்கன யாரும் சாகலியே.”

நாதன் கழுவாத கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தான். அப்பாவுக்கு அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். விருந்தாளி மனசு நோகும்படி ஏதோ சொல்லிவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, அவன் தோளை இரண்டு தடவை தட்டிக் கொடுத்தார்.

பிறகு அந்த இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்தார். மேஜையைத் துடைத்தார். புது இலை ஒன்றை அதே இடத்தில், நுனி இடப்பக்கமாகப் போட்டு, தண்ணீர் தெளித்தார்.

“இது யாருக்கு?” என்றாள் விஜயம். தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

“எம் மவனுக்கு. இன்னும் வரல பாரு. எவ்வளவு நேரமானாலும் இருக்கட்டும், யாரையும் எடுக்க விடாதே.”

வெளியே டிரைவர் ஹாரனை இரண்டு தடவை அடித்தான். நாதன் அந்த இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காகிதம் சட்டைப் பையில் அப்படியேதான் இருந்தது.